காய் முதலில், மெனு அப்புறம்: நாலு பேரை அழைத்துச் சமைக்கப் புதியவர்களுக்கு

முதல்முறை எட்டுப் பேரைச் சாப்பிட அழைத்தபோது ஐந்து வகை சமைத்தேன். ஒரு வாரம் முன்பே செய்முறைகளைத் தேடி எடுத்து, பட்டியல் போட்டு, அதில் இருந்த காய்களுக்காக மூன்று கடை ஏறி இறங்கினேன். கிடைத்த தக்காளி வெளியே சிவப்பு, உள்ளே பஞ்சு. பட்டாணி மாவாக இருந்தது. அன்று மாலை முழுக்க நான் அடுப்பங்கரையில், விருந்தாளிகள் கூடத்தில். அவர்கள் கிளம்பும்போது வாசலில் நின்று கையசைத்ததுதான் நான் கலந்துகொண்ட ஒரே நிகழ்ச்சி.

என் கைப்பக்குவத்தைத்தான் அன்று குறை சொல்லிக்கொண்டேன். உண்மையில் தவறு வரிசையில் இருந்தது. மெனுவை முடிவு செய்துவிட்டுக் காயைத் தேடினேன். இப்போது தலைகீழாகச் செய்கிறேன்: அந்த வாரம் எது நன்றாக வந்திருக்கிறதோ அதை வாங்கிவிட்டு, அதற்கு எந்த முறை பொருந்தும் என்று பார்க்கிறேன். இதற்கு நூறு செய்முறை தெரிய வேண்டியதில்லை. நாலைந்து முறைகள் கைக்கு வந்தால் வருடம் முழுக்க ஓட்டலாம். காய் மாறும், முறை மாறாது.

எது சீசன் என்று எப்படித் தெரியும்

காலண்டர் தேவையில்லை. ஒரே காய் எல்லாக் கடையிலும் குவிந்து கிடக்கிறதா, போன மாதத்தைவிட விலை இறங்கியிருக்கிறதா, முகர்ந்தால் மணக்கிறதா? மூன்றில் இரண்டுக்கு ஆம் என்றால் அது சீசன்தான். மணம்தான் இதில் பெரிய சாட்சி. தக்காளியின் காம்புப் பக்கம் மூக்கை வைத்துப் பாருங்கள். எந்த வாசனையும் இல்லை என்றால் சமைத்தாலும் வராது.

செடியின் எந்தப் பாகத்தைச் சாப்பிடுகிறோம் என்று யோசித்தால் இன்னும் எளிது. குளிர்ச்சியும் ஈரமும் உள்ள நாட்களில் இலைகள் தழைக்கும். கீரைகள், முட்டைக்கோஸ் வகைகள் அப்போது நன்றாக இருக்கும். வெயில் ஏறும்போது பூத்துக் காய்ப்பவை வரும்: தக்காளி, கத்தரி, குடைமிளகாய், வெள்ளரி, மக்காச்சோளம். குளிர் நாட்களுக்கு வேர்களும் கிழங்குகளும், அறுவடை செய்து மாதக்கணக்கில் வைத்திருக்கக்கூடிய பூசணி வகைகளும். குளிர் பட்ட கேரட் இனிப்பதற்குக் காரணம் உண்டு. உறைந்துபோகாமல் தற்காத்துக்கொள்ள அந்தச் செடி தன்னிடம் உள்ள மாவுச்சத்தில் கொஞ்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது.

பட்டாணியும் இனிப்பு மக்காச்சோளமும் இதற்கு நேர் எதிர். பறித்த நிமிடத்திலிருந்து அவற்றின் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும். வாங்கிய அன்றே சமைத்துவிட வேண்டும். மூன்று நாள் கழித்துச் சமைத்தால் என் பட்டாணி மாதிரி ஆகிவிடும். அந்த விஷயத்தில் உறையவைத்த பட்டாணியைத் தயங்காமல் வாங்கலாம். அது பறித்த சில மணி நேரத்துக்குள் வெந்நீரில் முக்கி எடுத்து உறையவைக்கப்படுவது. கடையில் வாடிக் கிடக்கும் ‘புதிய’ பட்டாணியைவிட இனிக்கும். டப்பாத் தக்காளியும் அப்படியே, நன்கு பழுத்த பருவத்தில் பறித்து அடைத்தது. சீசன் இல்லாத மாதங்களில் பஞ்சுத் தக்காளிக்கு அது எவ்வளவோ மேல். சீசன் பார்த்துச் சமைப்பதில் பிடிவாதம் கூடாது என்பது என் கட்சி.

வாங்கி வந்ததும்

கீரையை அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். அலசியபின் தண்ணீரைச் சாய்க்காமல் கீரையைக் கையால் அள்ளி வெளியே எடுங்கள். சாய்த்தால் அடியில் தங்கிய மண் திரும்பக் கீரை மேலேயே விழும். இரண்டு, மூன்று தடவை. ஈரம் போக உதறி, உலர்ந்த துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் சில நாள் தாங்கும்.

தக்காளியை வெளியே வையுங்கள். குளிரில் அதன் மணம் மங்கிவிடும். நன்றாகப் பழுத்துவிட்டது, நாளைக்குத்தான் சமைப்பேன் என்றால் ஃபிரிட்ஜில் வைக்கலாம், பாதகமில்லை. பழுத்த வாழைப்பழம், ஆப்பிள், தக்காளி ஆகியவை எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடும். அவற்றின் பக்கத்தில் கீரையை வைத்தால் சீக்கிரம் மஞ்சளாகும். உருளைக்கிழங்கு இருட்டான, காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். வெளிச்சம் பட்டுப் பச்சையேறிய பகுதியையும் முளையையும் ஆழமாக வெட்டி எறியுங்கள். பாதிக்குமேல் பச்சை என்றால் கிழங்கையே எறிந்துவிடலாம்.

ஐந்து முறைகள்

முதலில் ஓவனில் சுடுவது. புதியவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். ஏனென்றால் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை, பெரும்பாலான காய்க்குப் பொருந்தும், கூட்டத்துக்கும் சரிப்படும். ஓவனை 220 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். காயை இரண்டு, மூன்று செண்டிமீட்டர் துண்டுகளாக, ஒரே அளவில் வெட்டுங்கள். துணியால் ஈரத்தைத் துடையுங்கள். அரை கிலோ காய்க்கு ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று அதிகமாக எண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு. கையால் பிசிறி, ட்ரேயில் ஒன்றையொன்று தொடாமல் பரப்புங்கள். காலிஃபிளவர் 25 நிமிடம், கேரட், பூசணி 30 நிமிடம், உருளைக்கிழங்கு 40 நிமிடம் வரை ஆகும். பாதி நேரத்தில் ஒரு தடவை புரட்டிவிடுங்கள்.

இதில் எல்லோரும் செய்யும் தவறு, ஒரே ட்ரேயில் காயைக் குவிப்பது. காயின் மேல் ஈரம் இருக்கும்வரை அதன் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் அந்த வறுத்த மணமும் வர 140 டிகிரி சுமாராவது வேண்டும். குவித்து வைத்தால் காயிலிருந்து வரும் ஆவி வெளியேற வழியில்லாமல் அங்கேயே சுற்றும். காய் வேகும், ஆனால் நிறமே வராது. கூட்டம் அதிகமென்றால் இரண்டு ட்ரே. நடுவில் மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் இடம் மாற்றுங்கள்.

ஓவன் இல்லையா? அடிகனமான அகல வாணலி போதும். எண்ணெய் காய்ந்ததும் காயைப் போட்டு, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடி, முக்கால் வேக்காடு வரும்வரை மிதமான தீயில் வையுங்கள். அப்புறம் மூடியை எடுத்துத் தீயைக் கூட்டி, தண்ணீர் வற்றி நிறம் ஏறும்வரை கிளறாமல் விட்டுவிட்டு, இடையிடையே மட்டும் புரட்டுங்கள். கிளறிக்கொண்டே இருப்பது ஒரு பழக்கம்தான், அவசியம் அல்ல.

இரண்டாவது, பெரிய தீயில் வதக்குவது. கீரை, பீன்ஸ், முட்டைக்கோஸ், குடைமிளகாய்க்கு உகந்தது. வாணலி நன்றாகக் காய வேண்டும், காய் ஈரமில்லாமல் இருக்க வேண்டும், ஒரு தடவைக்கு இரண்டு மூன்று பேருக்கான அளவுக்குமேல் போடக்கூடாது. கீரை இரண்டே நிமிடத்தில் சுருண்டுவிடும். ஒரு பெரிய கட்டு ஒரு கைப்பிடியாகி ஏமாற்றும், ஆகவே தாராளமாக வாங்குங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள்; முதலிலேயே போட்டால் சுருங்கியபின் கரிக்கும். இந்த முறை வீட்டில் மூன்று பேருக்குச் சரி. பத்துப் பேர் வரும்போது இதைத் தவிர்த்துவிடுங்கள், நான்கு தடவையாக வதக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது சூப். சுலபம், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அடிகனமான பாத்திரத்தில் ஒரு பெரிய வெங்காயத்தைக் கொஞ்சம் எண்ணெயில் பத்து நிமிடம் நிதானமாக வதக்குங்கள். அரை கிலோ காய், ஒரு சிறிய உருளைக்கிழங்கு, முக்கால் லிட்டர் தண்ணீர் சேர்த்து மூடி 20 நிமிடம். மசித்தால் சூப். உருளைக்கிழங்குதான் அதற்கு உடம்பு கொடுக்கிறது, க்ரீம் தேவையில்லை. நால்வருக்கு வரும். மிக்ஸியில் அடிப்பதாக இருந்தால் ஆறவிட்டு அடியுங்கள். சூட்டோடு அடித்தால் உள்ளே ஆவி அழுத்தி மூடியைத் தூக்கி எறியும். எங்கள் வீட்டுக் கூரையில் பீட்ரூட் கறை ஒன்று இரண்டு வருடம் இருந்தது. அவசரமென்றால் ஜாரில் பாதிக்குமேல் ஊற்றாமல், மூடியின் நடுத்துளையைத் திறந்து மேலே மடித்த துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மெதுவான வேகத்தில் தொடங்குங்கள்.

நான்காவது, சமைக்காமலே பரிமாறும் சாலட். வெயில் காலத்துக்கு இதைவிட நல்லது இல்லை. வெள்ளரி, தக்காளி இரண்டிலும் 95 சதவீதம் சுமாருக்குத் தண்ணீர்தான். நறுக்கிக் கலந்து வைத்துவிட்டால் அரைமணியில் கிண்ணத்தில் குளம் கட்டும். வெள்ளரியை நறுக்கியதும் கொஞ்சம் உப்புத் தூவி 15 நிமிடம் வடிகட்டியில் வைத்து, வந்த நீரைக் கொட்டிவிட்டுப் பிறகு கலந்தால் மொறுமொறுவென்று நிற்கும். தக்காளி நீரை மட்டும் கொட்டாதீர்கள், சுவையெல்லாம் அதில்தான் இருக்கிறது. மேலே ஊற்றும் கலவைக்கு மூன்று பங்கு எண்ணெய், ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகுத்தூள். ஒரு மூடி போட்ட பாட்டிலில் விட்டுக் குலுக்கினால் முடிந்தது. புளிப்புப் பிடிப்பவர்கள் இரண்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது, எல்லாம் ஒரே பாத்திரத்தில் கொதிக்கும் பருப்பு-காய் குழம்பு. விருந்துக்கு நான் நம்புவது இதைத்தான். கீழே முழுதாகச் சொல்கிறேன்.

உப்பும் புளிப்பும்

புதியவர்கள் சமையல் சப்பென்று இருப்பதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம்: உப்பு குறைவு, அல்லது புளிப்பே இல்லை. ஒரு மனக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். உணவின் எடையில் நூற்றில் ஒரு பங்கு உப்பு, அதாவது ஒரு கிலோவுக்குப் பத்து கிராம். தூள் உப்பு ஒரு தேக்கரண்டி ஆறு கிராம் சுமார். இதை மேல்வரம்பாக வைத்து, பாதியைப் போட்டுவிட்டுச் சுவைத்துச் சுவைத்து ஏற்றுங்கள். இறக்குவதற்கு முன் சுவைத்துப் பார்த்து ‘என்னமோ குறைகிறது, ஆனால் உப்பு சரியாகத்தான் இருக்கிறது’ என்று தோன்றினால் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். பத்தில் எட்டுத் தடவை அதுதான்.

உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போட்டால் உறிஞ்சிக்கொள்ளும் என்பார்கள். கிழங்கு உப்பை மட்டும் தேடிப்போய் எடுப்பதில்லை. தண்ணீரோடு சேர்த்துத்தான் எடுக்கும், மிச்சக் குழம்பு அதே கரிப்போடுதான் இருக்கும். கூடியதைக் குறைக்க ஒரே வழி, உப்பில்லாத பொருளைச் சேர்த்து அளவைப் பெருக்குவது. தண்ணீர், வெந்த பருப்பு, இன்னும் கொஞ்சம் காய், எதுவானாலும் சரி.

ஆறு பேருக்கு ஒரு சாப்பாடு, முதலிலிருந்து கடைசி வரை

மேசையில் நான்கே பொருள்: கொண்டைக்கடலையும் அந்தப் பருவத்துக் காயும் சேர்ந்த குழம்பு, சோறு, ஒரு சாலட், பழம். இதில் கடைசி நிமிட வேலை சாலட்டுக்கு மட்டும்தான். எந்த மெனுவைப் போட்டாலும் இதை ஒரு விதியாக வைத்துக்கொள்ளுங்கள்: விருந்தாளி வந்தபின் உங்கள் கையைக் கேட்கும் பொருள் ஒன்றுக்குமேல் இருக்கக்கூடாது.

அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள், சாப்பிடக்கூடாதது ஏதாவது உண்டா என்று. பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை, முந்திரி போன்றவை சிலருக்கு ஒவ்வாமை தரும். நிலக்கடலைக்கு ஒவ்வாமை உள்ளவருக்கு ‘கொஞ்சம்தான் போட்டேன்’ என்பது பதில் ஆகாது. கரண்டியைக்கூடப் பொதுவாக வைக்கக்கூடாது.

தேவையானவை: உலர்ந்த கொண்டைக்கடலை 300 கிராம், பெரிய வெங்காயம் இரண்டு, பூண்டு ஆறு பல், சீரகம் இரண்டு தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, தக்காளி அரை கிலோ அல்லது ஒரு டப்பா, பருவக் காய் முக்கால் கிலோ, கீரை ஒரு பெரிய கட்டு, எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி, எலுமிச்சை ஒன்று. அரிசி 450 கிராம், ஆளுக்கு 75 கிராம் கணக்கு. நன்றாகச் சாப்பிடுகிறவர்கள் வருகிறார்கள் என்றால் 100 கிராம் போடுங்கள்.

முந்தைய இரவு: கடலையைக் கழுவி, அது மூழ்கி மேலே ஒரு விரல் நீளத்துக்குத் தண்ணீர் நிற்கும்படி விட்டு, ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டு ஊறவையுங்கள். உப்புப் போட்டால் வேகாது என்பது பரவலான நம்பிக்கை. ஊறும் நீரில் உப்பு இருந்தால் தோல் மிருதுவாகும் என்பதே என் அனுபவமும் சமையல் அறிவியலும் சொல்வது. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறட்டும். வெயில் காலமென்றால் ஃபிரிட்ஜில் வைத்து ஊறவையுங்கள், வெளியே வைத்தால் புளித்துவிடும்.

மறுநாள் காலை: ஊறிய நீரைக் கொட்டி, புதுத்தண்ணீர் விட்டு வேகவையுங்கள். குக்கரில் அழுத்தம் வந்தபின் மிதமான தீயில் 20 நிமிடம். திறந்த பாத்திரத்தில் ஒன்று முதல் ஒன்றரை மணி. விரல்களுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும். மாலை வரை அது வெந்த தண்ணீரோடேயே ஃபிரிட்ஜில் இருக்கட்டும். தக்காளியை இந்தக் கட்டத்தில் சேர்க்காதீர்கள். புளிப்பு இருந்தால் பருப்பு வகைகள் மிருதுவாக வெகுநேரம் பிடிக்கும். நான் ஒருமுறை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டும் கடலை கல்லாகவே இருந்தது. அன்று எல்லோருக்கும் முட்டை பொரித்துக் கொடுத்தேன்.

கொண்டைக்கடலைக்குப் பதில் ராஜ்மா போடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. சரியாக வேகாத ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சு கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதுத்தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். 10 நிமிடம் கட்டாயம், 30 நிமிடம் என்றால் இன்னும் பாதுகாப்பு. அப்புறம்தான் தீயைக் குறைக்க வேண்டும். கொதி நிலைக்கு வராமல் இளஞ்சூட்டிலேயே மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்பாத்திரங்களில் நேராகப் போடவே கூடாது.

மாலை நான்கு மணி: அடிகனமான பெரிய பாத்திரத்தில் எண்ணெய் காய்ந்ததும் சீரகம். அது நிறம் மாறி மணம் வந்ததும் நறுக்கிய வெங்காயம், ஒரு சிட்டிகை உப்பு. மிதமான தீயில் 15 நிமிடம். செய்முறைகளில் ‘ஐந்து நிமிடம் வதக்கவும்’ என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள், ஐந்து நிமிடத்தில் எந்த வெங்காயமும் பொன்னிறமானதில்லை. குழம்பின் சுவையில் பாதி இந்த 15 நிமிடத்தில்தான் இருக்கிறது. பூண்டைத் தட்டிப்போட்டு ஒரு நிமிடம், மிளகாய்த்தூள் அரை நிமிடம், தூள் கருகுவதற்குள் தக்காளி. தக்காளி குழைந்து எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வரும்வரை, பத்துப் பன்னிரண்டு நிமிடம் வதங்கட்டும்.

இப்போது காய். இங்கேதான் பருவம் உள்ளே வருகிறது. வெயில் காலத்தில் கத்தரியும் குடைமிளகாயும்: கத்தரியைப் பெரிய துண்டுகளாக வெட்டி, தனியாக வாணலியில் எண்ணெய் விட்டு நிறம் வரும்வரை வறுத்தபின் சேருங்கள். நேரே போட்டால் கரைந்துபோகும். குளிர் காலத்தில் பூசணியும் கேரட்டும்: கேரட்டை முதலில் போட்டு, பத்து நிமிடம் கழித்து மூன்று செண்டிமீட்டர் பூசணித் துண்டுகள். இரண்டுக்கும் இடைப்பட்ட இதமான நாட்களில் பீன்ஸும் பட்டாணியும்: பீன்ஸ் எட்டு நிமிடம், பட்டாணி கடைசி நான்கு நிமிடம், அதற்குமேல் வைத்தால் பச்சை நிறம் மங்கிப் பழுப்பாகும். எந்தக் காயானாலும் வெந்த கடலையையும், அது வெந்த தண்ணீரில் அரை லிட்டரையும் கூடவே சேருங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், குழம்பு கெட்டிப்படுவது அதனால்தான். இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால் ஒரு கைப்பிடி கடலையை மசித்துப் போடுங்கள். உப்பு முதலில் இரண்டு தேக்கரண்டி; கடலையிலும் கொஞ்சம் ஏறியிருக்கும், அதனால் சுவைத்தபின் மீதியை முடிவு செய்யுங்கள். காய் வெந்ததும் அடுப்பை அணைத்துவிடலாம். ஐந்தரைக்குள் முடிந்துவிடும், பரிமாறும் முன் திரும்பக் கொதிக்கவைத்துக்கொள்ளலாம். பீன்ஸ், பட்டாணி என்றால் மட்டும் இந்த முன்வேலையில் காயைச் சேர்க்காமல் நிறுத்தி, இரண்டாவது கொதியில் போடுங்கள்.

ஆறே கால்: அரிசியைத் தண்ணீர் ஓரளவு தெளியும்வரை கழுவி, 20 நிமிடம் ஊறவையுங்கள். தண்ணீர் அரிசியின் வகையைப் பொறுத்தது. ஒரு கப் அரிசிக்கு ஒன்றரை கப் முதல் இரண்டு கப் வரை. புது அரிசி வாங்கியிருந்தால் விருந்துக்கு முன்பே ஒரு நாள் வீட்டுக்குச் சமைத்து அளவைத் தெரிந்துகொள்வது உத்தமம். கொதி வந்ததும் மூடி, மிகக் குறைந்த தீயில் 12 முதல் 15 நிமிடம். அணைத்தபின் 10 நிமிடம் மூடியைத் திறக்காதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் அடியில் இருக்கும் ஈரம் மேல்வரை சமமாகப் பரவும்.

ஏழு மணி: சாலட் காய்களை நறுக்கி மூடி வையுங்கள், எலுமிச்சைக் கலவையை இன்னும் ஊற்ற வேண்டாம். குளிர் காலமென்றால் சாலட்டுக்குப் பதில் ஒரு ட்ரே காயை ஆறே முக்காலுக்கு ஓவனில் வைத்துவிடுங்கள். குழம்பு திரும்பக் கொதித்ததும் கீரையைக் கிள்ளிப்போட்டு இரண்டு நிமிடம், அடுப்பை அணைத்து எலுமிச்சை பிழியுங்கள். எலுமிச்சையைக் கொதியில் போட்டால் மணம் பறந்துவிடும்.

பழத்துக்குச் சமையலே வேண்டாம். நன்றாகப் பழுத்த எந்தப் பழமானாலும் நறுக்கி, நூறு கிராம் பழத்துக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரை, சில சொட்டு எலுமிச்சை போட்டுக் கலந்து அரைமணி வையுங்கள். சர்க்கரை பழத்தின் சாற்றை இழுத்து, தானாகவே பாகு மாதிரி ஆகியிருக்கும். மேலே கொஞ்சம் கெட்டித்தயிர் வைத்தால் போதும். பழம் இனிப்பாகவே இருந்தால் சர்க்கரையும் வேண்டாம்.

பேர் கூடினால்

‘இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா?’ என்று அன்று மதியம் போன் வரும். கண்டிப்பாக வரும். காய், கடலை, அரிசியை அப்படியே பெருக்கலாம். உப்பையும் மிளகாய்த்தூளையும் முதலில் ஒன்றரை மடங்கு போட்டுவிட்டுச் சுவையுங்கள். நேரத்தைப் பெருக்க வேண்டியதில்லை, ஆனால் பெரிய பாத்திரம் கொதிவரவே கூடுதலாக ஒரு கால்மணி பிடிக்கும். வெங்காயம் அதிகமானால் அகலமான பாத்திரம் இல்லாமல் நிறம் வராது. இரண்டு வாணலியில் பிரித்து வதக்கிக்கொள்ளுங்கள். கடலை ஊறாமல் போயிற்றே என்றால் ஊறவேண்டிய அவசியமில்லாத மைசூர்ப் பருப்பை 150 கிராம் கழுவி, காய் போடும்போதே சேர்த்து, கூடுதலாக அரை லிட்டர் தண்ணீர் விடுங்கள். பருப்பு குழைவதற்கு 20 நிமிடம், அதற்குள் காயும் வெந்துவிடும்.

‘நான் ஏதாவது செய்யட்டுமா’ என்று அடுப்பங்கரை வாசலில் வந்து நிற்கிறவர்களிடம் ‘ஒன்றும் வேண்டாம்’ என்று சொல்லாதீர்கள். எலுமிச்சைக் கலவைப் பாட்டிலைக் கையில் கொடுத்துக் குலுக்கச் சொல்லுங்கள்.

மிச்சம்

சோற்றை இரவு முழுக்க வெளியே விட்டுவிட்டுக் காலையில் சூடாக்கிச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். வெந்த சோற்றில் உயிரோடு தப்பும் ஒருவகை பாக்டீரியா வித்துகள், அறை வெப்பத்தில் முளைத்து நச்சை உண்டாக்கும். அந்த நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சமைத்த எதுவும் இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே இருக்கக்கூடாது. வெயில் 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம். பெரிய பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் வைத்தால் நடுவில் மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். உயரமில்லாத சின்னச் சின்னப் பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். மூன்று, நான்கு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். சூடாக்கும்போது நடுவரை ஆவி பறக்க வேண்டும், தெர்மாமீட்டர் இருந்தால் 74 டிகிரி.

கடலைக் குழம்பு மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். வாணலியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கொதிக்கவிட்டு, கரண்டியால் இரண்டு மூன்று பள்ளம் செய்து ஒவ்வொன்றிலும் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, மூடி ஆறேழு நிமிடம் வைத்தால் காலை உணவு ஆயிற்று.